வீட்டு வைஃபை ரௌட்டரைக் கணிப்பொறியின் துணைகொண்டு அமைத்தல்

இல்லத்திற்குள் இணையத்தைக் கொணரும் கம்பி பெரும்பாலும் ஒன்றே. அதனைப் பயன்படுத்த விரும்புவோரோ பலர். மேசைமீதுள்ள கணிப்பொறி, கைத்தொலைபேசிகள், தொலைக்காட்சிப் பெட்டி ஆகிய யாவும் அவ்வொரு கம்பியையே நம்பியுள்ளன. அக்கம்பி கொணர்வதை வீட்டிலுள்ள சாதனங்களுக்கெல்லாம் முறையாகப் பங்கிட்டு அளிக்கும் கருவியே ரௌட்டர் ஆகும். கம்பியின்றி வானொலி அலைகள் மூலம் இப்பங்கீட்டைச் செய்யும் முறை வைஃபை எனப்படுகிறது.

கடையிலிருந்து வாங்கிவந்த ரௌட்டரை மின்சாரத்துடனும் இணையக் கம்பியுடனும் பொருத்தியவுடனே இணையம் கிடைத்துவிடுவதுண்டு. பலர் அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே விடப்பட்ட கருவி, சாவி பலர் கையில் உள்ள பூட்டைப் போன்றது. அச்சாவியை மாற்றுவது வாங்கியவரின் பொறுப்பு. வீட்டில் இக்கருவியைப் புதிதாக வைப்போர் யோசனை கேட்டு அடிக்கடி நாடுவது அவ்வூரில் பணியாற்றும் ஊழியரையும் பள்ளி ஆசிரியரையுமே. ஆதலின் அவர்கள் இம்முறைகளைச் செவ்வனே அறிந்திருத்தல் அவசியம்.

பூட்டாத கருவியால் விளையும் கேடு

2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டிருந்தது. அது புறப்பட்ட இணைய முகவரியைப் பின்பற்றிச் சென்ற புலனாய்வாளர்கள், நவி மும்பையில் வெளிநாட்டவர் ஒருவர் குடியிருந்த வீட்டை அடைந்தனர். அவ்வீட்டின் கம்பியில்லா இணைப்புக்குத் தக்க காவல் இல்லாதிருந்தது; அதனைப் பயன்படுத்திப் பிறர் அவ்வஞ்சலை அனுப்பியிருந்தனர். கருவியின் சொந்தக்காரர் குற்றமற்றவராயினும் விசாரணை முதலில் அவர் வாயிற்படியில்தான் வந்து நிற்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. தொழிற்சாலையில் இடப்பட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய, 60க்கு மேற்பட்ட இணைகளைக் கொண்ட ஒரு பட்டியலே அதன் ஆயுதம். அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து, இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் அது கைப்பற்றியது. கைப்பற்றப்பட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்த்தப்பட்ட தாக்குதலால் பெரிய இணையத் தளங்கள் பலவும் அமெரிக்காவில் சில மணிநேரம் செயலிழந்தன. சொந்தக்காரர்கள் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அந்நிரலின் பட்டியல் அக்கருவிகளிடத்தில் பயனற்றுப் போயிருக்கும்.

அலைகளின் இயல்பு

நமது நாட்டில் ஜகதீச சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது மிகச் சிறிய அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அவை சுவரைக் கடந்து சென்று மணியை ஒலிக்கச் செய்வதைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். வைஃபையில் பயன்படும் அலைகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

வீட்டு ரௌட்டர்கள் பொதுவாக இரண்டு அதிர்வெண் பகுதிகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் சுமார் 12.5 செண்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அது சுமார் 6 செண்டிமீட்டர். முன்னது சுவர்களை ஓரளவு எளிதில் கடந்து செல்லும். ஆனால் இடநெருக்கடி மிக்கது. பின்னதில் இடம் விசாலமாதலின் வேகம் மிகுதி. சுவர்களைக் கடக்கையில் வலுவிழப்பும் மிகுதி. குறைந்த திறனுடைய இத்தகைய கருவிகளை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005ஆம் ஆண்டு விதிகள் மூலம் அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இச்சலுகை 2018ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்டது.

அலைகளுக்கு வீட்டுச் சுவர் எல்லையன்று. அவை தெருவுக்கும் அடுத்த வீட்டுக்கும் செல்லும். கம்பி வழி இணைப்பைப் பயன்படுத்த விரும்பும் அந்நியன் வீட்டினுள் நுழைந்தாக வேண்டும். கம்பியில்லா இணைப்புக்கோ தெருவில் நின்றாலே போதும்.

ரௌட்டரின் பணி

இணையத்தில் ஒவ்வொரு சாதனத்திற்கும் ஒரு முகவரி வேண்டும். நான்கு எண்களாலான முகவரி முறையில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடு, அலுவலகம் முதலிய தனி இடங்களின் உட்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்திற்கும் ரௌட்டர் இத்தகைய உள்முகவரி ஒன்றை வழங்குகிறது. இம்முறையில் வெளியுலகிற்குத் தெரிவது வீடு முழுவதற்கும் பொதுவான ஒரே முகவரிதான். வீட்டுக்குரிய ரௌட்டரைப் பிறர் பயன்படுத்தினால் பழி வீட்டார்மேல் விழுவதற்கு இதுவே காரணம்.

கம்பி வழியே இணைத்தல்

ஒளியிழை மூலம் சேவை பெறும் வீடுகளில், சேவை நிறுவனத்தார் பொருத்தும் பெட்டியினுள்ளேயே ரௌட்டரும் அடங்கியிருப்பதுண்டு. அங்குத் தனி ரௌட்டர் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. கீழ்க்காணும் பாதுகாப்பு முறைகள் அப்பெட்டிக்கும் பொருந்தும். தனி ரௌட்டர் வாங்கியிருப்பின் அதன் பின்புறத்தை நோக்குக. ‘வான்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்று குறிக்கப்பட்ட துளை ஒன்றும், ‘லான்’ என்று குறிக்கப்பட்ட துளைகள் சிலவும் காணப்படும். முதல் துளையில் சேவை நிறுவனத்தாரின் பெட்டியிலிருந்து வரும் கம்பியைச் செருக வேண்டும். ‘லான்’ துளை ஒன்றிலிருந்து கணிப்பொறிக்கு ஈதர்நெட் கம்பி செல்ல வேண்டும்.

அமைக்கும் வேலையைக் கம்பி வழியே செய்வதே நன்று. கம்பியில்லா இணைப்பின் பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றிய கணமே அவ்வழியாக இணைந்திருந்த கணிப்பொறியின் தொடர்பு அறுந்துவிடும். கம்பி வழி இணைந்த கணிப்பொறிக்கு இத்தொல்லை இல்லை.

அமைப்புப் பக்கத்தைத் திறத்தல்

கணிப்பொறியில் இணைய உலவியைத் திறந்து, மேலுள்ள முகவரிக் கட்டத்தில் ரௌட்டரின் முகவரியை இட வேண்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கருவியின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு கிழிந்திருப்பின், விண்டோஸ் கணிப்பொறியில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ பகுதியைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்னும் ஆணையை இட்டால், ‘டிஃபால்ட் கேட்வே’ என்னும் வரியில் அம்முகவரி தோன்றும்.

பின்னர்ப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவையும் சீட்டிலேயே உள்ளன. பழைய கருவிகள் பலவற்றில் இரண்டுமே ‘அட்மின்’ என்னும் ஒரே சொல்லாக இருந்தன. உள்ளே நுழைந்தவுடன் செய்ய வேண்டிய முதற்பணி இந்நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதே. ஏனைய அமைப்புகள் யாவும் இதற்குப் பின்னரே. இது வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல்லினின்றும் வேறானது. இரண்டும் ஒன்றாக இருத்தல் கூடாது. விருந்தினருக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கூறலாம். நிர்வாகக் கடவுச்சொல்லை வீட்டுக்குப் பொறுப்பானவர் மட்டுமே அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து, சேவை இணைப்பின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் முகவரியைத் தாமே வழங்கும். அங்கு ‘டைனமிக் ஐபி’ என்பதே பொருந்தும். வேறு சில ‘பிபிபிஓஇ’ என்னும் முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். எது தமக்குரியது என்பதை நிறுவனத்தாரிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

வைஃபைக்குப் பெயரும் பூட்டும்

‘வயர்லெஸ்’ என்னும் பகுதியில் இணைப்புக்கு ஒரு பெயர் இடலாம். இப்பெயர் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் தெரியுமாதலின் வீட்டு எண், குடும்பத்தார் பெயர் முதலியவற்றைத் தவிர்த்தல் நன்று.

‘செக்யூரிட்டி’ என்பதன்கீழ்ப் பல வகைகள் காட்டப்படும். ‘வெப்’ என்னும் பழைய முறையின் குறைபாடு 2001ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தப்பட்டது, அதனைப் பயன்படுத்தலாகாது. 2004ஆம் ஆண்டு வந்த ‘டபிள்யூபிஏ 2’, 2018ஆம் ஆண்டு வந்த ‘டபிள்யூபிஏ 3’ ஆகியவையே ஏற்றவை. வீட்டில் பழைய தொலைபேசிகள் இருப்பின் இவ்விரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ‘ஓப்பன்’ என்பது பூட்டே இல்லாத நிலையாகும்.

கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையாமலும் 63 எழுத்துக்கு மிகாமலும் இருக்கலாம். பலர் தம் கைத்தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக இடுகின்றனர். இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ‘டபிள்யூபிஏ 2’ முறையில், ஒரு சாதனம் இணையும்போது பரிமாறப்படும் செய்தியைத் தெருவிலிருந்து பதிவு செய்துகொண்டு, பின்னர்த் தனியிடத்தில் ஒவ்வொரு சொல்லாக ஒருவன் சோதிக்க இயலும். அவன் பொறி நொடிக்கு 1 இலட்சம் சொற்களைச் சோதிப்பதாகக் கொள்வோம். இந்தியக் கைத்தொலைபேசி எண்கள் 10 இலக்கம் உடையவை. 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குபவை. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் 400 கோடி. அனைத்தையும் சோதிக்க 40,000 நொடிகள், அதாவது சுமார் 11 மணிநேரம் போதும். பிறந்தநாளை 8 இலக்கங்களில் இட்டால் நிலைமை இன்னும் மோசம்: 100 ஆண்டுகளில் உள்ள நாட்கள் சுமார் 36,500 மட்டுமே, அவற்றைச் சோதிக்க ஒரு நொடியும் ஆகாது.

இதற்கு மாறாக, ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 12ஐ எவ்வித ஒழுங்குமின்றித் தேர்ந்தெடுத்தால், அதே பொறி அனைத்தையும் சோதித்து முடிக்கச் சுமார் 30,000 ஆண்டுகள் ஆகும். நினைவில் வைப்பதற்காக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து எழுதுதலும் தக்கதே. உயர்நிலை வகுப்புகளில் பெருக்கல் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம்.

மூட வேண்டிய வாயில்கள்

‘டபிள்யூபிஎஸ்’ என்னும் வசதி, கடவுச்சொல்லுக்குப் பதிலாக 8 இலக்க எண்ணைக் கொண்டு இணைய உதவுவது. இவ்வெண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. மேலும் எண்ணின் இரு பாதிகளும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. ஆதலால் 10,000மும் 1,000மும் சேர்ந்து 11,000 முயற்சிகளுக்குள் அது அகப்பட்டுவிடும் என்பது 2011ஆம் ஆண்டு வெளிப்பட்டது. இவ்வசதியை நிறுத்திவிட வேண்டும்.

‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்பது வீட்டுக்கு வெளியேயிருந்தும் அமைப்புப் பக்கத்தைத் திறக்க இடமளிப்பது. இல்லங்களுக்கு இது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அதனையும் நிறுத்தி வைக்க வேண்டும். விருந்தினருக்கெனத் தனி இணைப்பு அமைக்கும் வசதி இருப்பின் பயன்படுத்தலாம்.

இறுதியாக, ‘ஃபர்ம்வேர்’ எனப்படும் கருவியின் உள்மென்பொருள் புதிய பதிப்பாக உள்ளதா என்று பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் கருவி பழுதாகக்கூடும். மின்தடை நேரக்கூடிய வேளைகளை விலக்கிச் செய்க.

வைக்கும் இடம்

ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதியில், தரைமட்டத்திற்கு மேல் ஓரளவு உயரத்தில் வைப்பது சிறந்தது. இரும்பு அலமாரி அலைகளைத் தடுக்கும். மீன்தொட்டியின் நீர் அவற்றை உறிஞ்சும். நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால் அருகில் இருப்பின் இடையூறு விளைவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அண்டை வீட்டுக் கருவிகள் நெருங்கியிருந்தால், ஒன்றோடொன்று மேற்படியாத 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சில குறைகளும் பரிகாரமும்

வைஃபை கிடைத்தும் இணையம் கிடைக்காவிடில், ‘வான்’ கம்பியையும் சேவை இணைப்பின் வகையையும் மீண்டும் நோக்க வேண்டும். நிறுவனத்தாரின் பெட்டியும் புதிய ரௌட்டரும் 192.168.1.1 என்னும் ஒரே முகவரியைக் கொண்டிருந்தால் குழப்பம் நேரும். ரௌட்டரின் முகவரியை 192.168.2.1 என மாற்றினால் சீராகும். நிர்வாகக் கடவுச்சொல் மறந்துபோனால், பின்புறமுள்ள ‘ரீசெட்’ துளையில் ஊசி கொண்டு சுமார் 10 நொடிகள் அழுத்தினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது பழைய சாவியும் திரும்பிவிடுகிறது என்பதை மறவாது, எல்லா அமைப்புகளையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

விடைபெறுமுன் கேட்க வேண்டியவை

அமைத்து முடித்த ஊழியர் பின்வரும் ஐந்து வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. நிர்வாகக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா?
2. பூட்டு ‘டபிள்யூபிஏ 2’ அல்லது ‘டபிள்யூபிஏ 3’ வகையினதா?
3. வைஃபை கடவுச்சொல் தொலைபேசி எண்ணாகவோ பிறந்தநாளாகவோ இல்லாதிருக்கிறதா?
4. ‘டபிள்யூபிஎஸ்’, ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ ஆகியவை நிறுத்தப்பட்டனவா?
5. உள்மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா?

ஐந்துக்கும் ‘ஆம்’ என்பதே விடையாயின், இரு கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படைத்து, பத்திரமான இடத்தில் வைக்கும்படி கூற வேண்டும். கருவியின்மீதே அத்தாளை ஒட்டி வைத்தலாகாது.