பணியிடமும் பொதுநலமும்: வடசென்னை உள்ளாட்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஊராள்வோர் எப்பணிக்கு ஆள் அமர்த்துகின்றனர், எப்பணிக்கு அமர்த்தாது விடுகின்றனர் என்பதைக் கொண்டே அவர்தம் உள்ளக்கிடக்கையை அறியலாம். வரவுசெலவுத் திட்ட உரை எத்துணை இனிமையாக இருப்பினும், ஊதியப் பட்டியலில் இடம்பெறும் பணியிடங்களே உண்மையைப் பேசும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளை முன்வைத்து, புதிய பணியிடங்களுக்கு நிதி ஒதுக்குங்கால் பின்பற்றத்தக்க அளவுகோல் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபு காட்டும் வழி

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றிற்குக் குடவோலை வழி உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. நிலவுடைமையும் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டமையின் அஃது எல்லார்க்கும் திறந்த மன்றமன்று. எனினும், ஏரிக்கெனத் தனி வாரியம் கண்ட தெளிவு போற்றத்தக்கது. ஊரின் உயிர்நிலை எதுவோ, அதற்கே முதலில் ஆள் அமர்த்தினர். திருவள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஆளைத் தேர்தல் வேறு, வினையில் அமர்த்தி ஆளுதல் வேறு என்பது இதனால் பெறப்படும்.

இஸ்லாமிய மரபில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘திவான்’ என்னும் பதிவேட்டை நிறுவி, பொதுநிதியிலிருந்து உதவித்தொகை பெறுவோரை முறையாகப் பதிந்தார்கள். பெயர் பதியப்பட்டவர்க்கே உரிமை உறுதிப்படும். இவ்வுண்மை இன்றும் மாறவில்லை.

சட்டமும் நிதியும்

1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சி, 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி முதலிய நகராட்சிகள் அவ்வாண்டு அதனுடன் இணைந்தன. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்குரியனவாகப் பதினெட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டது. பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் அவற்றுள் அடங்கும். ஆனால் கடமை பெருகிய அளவிற்கு நிதி பெருகவில்லை. சொத்து வரி, தொழில் வரி, மாநில அரசின் நிதிப்பகிர்வு ஆகியவற்றைக் கொண்டே மாநகராட்சி இயங்க வேண்டியுள்ளது. ஒருவரை நிரந்தரமாக அமர்த்துவது ஏறத்தாழ முப்பதாண்டுப் பொறுப்பு. ஆகவே நிரந்தரப் பணியிடத்திற்கு மாநில அரசின் இசைவும் வேண்டப்படுகிறது. இதனாலேயே ஒப்பந்த முறை ஆள்வோர்க்கு எளிய வழியாகத் தோன்றுகிறது.

இராயபுரம் தரும் பாடம்

2000ஆம் ஆண்டிலேயே சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர்ப் படிப்படியாகப் பிற மண்டலங்களுக்கும் அம்முறை பரவியது. 2025இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் முறை வந்தது. அங்கே தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிப் பல்லாண்டுகள் உழைத்த தூய்மைப் பணியாளர்கள், நிரந்தரப் பணி கோரியும் ஊதியக் குறைவை அஞ்சியும் ஆகஸ்டு 1 முதல் ரிப்பன் மாளிகை முன் போராடினர். ஆகஸ்டு 13 நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்.

மாநகராட்சிக்குச் செலவு குறைதல் வேண்டும் என்பது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. குப்பை நாள்தோறும் சேர்கிறது. நாள்தோறும் நிகழும் பணி எங்ஙனம் தற்காலிகப் பணியாகும்? பணி நிலையானதாகவும் பணியாளர் நிலையற்றவராகவும் இருப்பின், மிச்சமாகும் தொகை ஏழையின் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும்.

எண்ணூர் எழுப்பும் வினா

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர் வாழ்வைக் குலைத்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் உறக்கத்தினின்று எழுந்தோடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிற்சாலைகளைக் கண்காணித்தல் மாநில அரசுத் துறைகளின் கடமை என்பது மெய்யே. ஆனால் வீடுதோறும் சென்று மூச்சுத்திணறலைக் கேட்டறியும் சுகாதாரப் பணியாளர் உள்ளாட்சிக்கு உரியவர். அவ்விடம் நிரப்பப்படாவிடின், நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்கு நிதியும் வாராது.

ஓர் அளவுகோல்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாத்திபி (ரஹ்) ஆகியோர் மனிதத் தேவைகளை மூவகைப்படுத்தினர். ‘ளரூரிய்யாத்’ இன்றியமையாதன, ‘ஹாஜிய்யாத்’ இடர் நீக்குவன, ‘தஹ்ஸீனிய்யாத்’ அழகு சேர்ப்பன. மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை ஆகிய ஐந்தின் காப்பு முதல்வகையைச் சாரும்.

இவ்வளவுகோலைப் பணியிடங்களுக்குப் பொருத்திக் காணலாம். உயிர் காக்கும் தூய்மைப் பணியாளர், செவிலியர், கொசு ஒழிப்புப் பணியாளர் ஆகியோரும், அறிவு காக்கும் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியரும் முதல்வகையினர். சான்றிதழ் வழங்கும் எழுத்தர், தெருவிளக்கு பேணுவோர் முதலியோர் இரண்டாம் வகையினர். விழாவும் விளம்பரமும் சார்ந்த பணிகள் மூன்றாம் வகையின. முதல்வகை நிரம்பாத நிலையில் மூன்றாம் வகைக்கு நிதி ஒதுக்குவது, கூரை ஒழுகும் இல்லத்திற்கு வண்ணம் பூசுதலை ஒக்கும்.

முடிவுரை

பணியிடம் என்பது நிருவாகச் சொல் மட்டுமன்று. அஃது ஒரு குடும்பத்தின் உணவு. ஒரு தெருவின் நலம். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் தூய்மைப் பணியாளர் மக்களும் மீனவர் மக்களும் உளர். அவர்களும் பிற மாணவரும் மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தை ஒருமுறையேனும் படித்தறிதல் வேண்டும். தம் வட்டத்தில் எப்பணியிடம் வெறுமையாக உள்ளது எனக் கேட்டல் வேண்டும். ஊர்ப் பெரியோர்களும் மன்ற உறுப்பினரிடம் அவ்வினாவை எழுப்புவார்களாயின், அதுவே ஏரி வாரியம் கண்ட மரபிற்கும் திவான் கண்ட நெறிக்கும் நாம் செய்யும் நன்றியாகும்.