ஆயுத பூஜைக்கு முன் ஆயில் கேஜைப் பாருங்கள்

ஆடிக் காற்று ஓய்ந்துவிட்டது. புரட்டாசி நடக்கிறது. அடுத்து ஆயுத பூஜை, அதன் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் மழை பிடித்துவிடும். நடுவில் கிடைக்கும் இந்த இரண்டு மூன்று வாரத்தில், நெய்வேலியிலும் சுற்றுவட்டாரத்திலும் பைக் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. என்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று கேஜை, அதாவது ஆயில் மூடியோடு சேர்ந்த அளவுக் கம்பியை, எடுத்துப் பாருங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள்.

"போன மாசம்தானே சர்வீஸ் விட்டேன், ஆயில் மாத்தியாச்சே" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆயில் மாற்றியது உண்மையாக இருக்கலாம். மாற்றிய ஆயில் இன்றைக்கும் உள்ளே இருக்கிறதா என்பதை கேஜ்தான் சொல்லும். நாம் ஓட்டும் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆயில் குறைந்தால் எரிகிற விளக்கு கிடையாது. காரில் மூன்று நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். கால் லிட்டர் போனாலும் தாங்கும். பைக்கில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர். அதில் கால் லிட்டர் போனால் கால் பங்கு போய்விட்டது.

இந்த ஊருக்கு இந்தப் பருவம் ஏன் முக்கியம்? கத்திரி வெயிலில் ஆயில் இளகி, கொஞ்சம் ஆவியாகி, கொஞ்சம் எரிந்து குறைந்திருக்கும். அதற்குப் பிறகு ஆடிக் காற்று. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மேல்மண் மேடுகளிலிருந்து வரும் புழுதி, அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி போன தடத்தில் எழும் பொடி, பல வருடம் இழுத்த விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை வேலையின் மண், எல்லாம் வண்டியின் ஏர் ஃபில்டரில் போய்ப் படிகிறது. சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாக உட்காராமல் இருந்தாலோ அந்தப் பொடி சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் போரையும் அரம் போல ராவும். ரிங் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும். வண்டி "ஆயில் குடிக்குது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஆகவே ஆயில் பார்க்கிற அன்றைக்கே ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் சாதாரண ரோட்டுக்கானது. நம் ஊர்ப் புழுதிக்கு அதில் பாதியிலேயே பார்ப்பது நல்லது.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு ஐப்பசி இரவில். இரண்டாம் ஷிப்ட் முடிந்து, வடலூர் தாண்டி குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மேலே டேப்பட் சத்தம் கடகடவென்று கேட்டது. வீடு பக்கம்தானே என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டரில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி நின்றது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் கேஜைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில்கூட ஈரம் இல்லை. ஆயில் மாற்றி 1,800 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. மாற்றிய கடையில் அடி போல்ட்டுக்குப் பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள்; அங்கிருந்து சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. பிஸ்டன், போர், ஹெட் என்று எல்லாம் கழன்றது. கடைக்காரர் செய்தது தப்புதான். ஆனால் அந்த 1,800 கிலோமீட்டரில் ஒரு நாள் நான் கேஜைப் பார்த்திருந்தால் என்ஜின் பிழைத்திருக்கும். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் இங்கே சுரங்கம் நடக்கும். அந்த பம்ப் வேலைதான் எனக்கு. ஷிப்ட் ஏறியவுடன் முதலில் பேரிங் ஆயில் லெவலைப் பார்த்து எழுதுவோம். அப்படிப் பழகிய கை, சொந்த வண்டியின் கேஜைத் தொடவே இல்லை.

பார்க்கும் முறையைச் சரியாகச் சொல்கிறேன். இதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். என்ஜினை ஸ்டார்ட் செய்து, முறுக்காமல், இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். அணைத்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய அந்த நேரம் வேண்டும். கேஜைக் கழற்றுவதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளே விழும். கம்பியைச் சுத்தமான பருத்தித் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். நூல் பிரிகிற பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது.

இங்கே ஒரு கவனம். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் மூடியைத் திருகாமல், மரை மேல் உட்கார்ந்த நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் கம்பி இன்னும் ஆழம் போய், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். சில கம்பெனிகள் திருகிப் பார்க்கச் சொல்கின்றன. உங்கள் வண்டிப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம், தேடிப் படித்துவிடுங்கள். புல்லட் போன்ற சில வண்டிகளில் கேஜுக்குப் பதில் என்ஜினின் பக்கவாட்டில், கீழே, வட்டக் கண்ணாடி இருக்கும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும்.

கம்பியில் இரண்டு கோடு இருக்கும், அல்லது நடுவில் குறுக்கு வெட்டுப் போட்ட பகுதி இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஓட்டலாம். மேல் கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. கீழ்க் கோட்டைத் தொட்டால் அன்றைக்கே ஊற்றுங்கள். ஊற்றும்போது பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் அளவு மூடி போல ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, 50 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கேஜைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகம் ஊற்றினால் உள்ளே அழுத்தம் கூடி, சுவாசக் குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டருக்கே போய்விடும், சீல் பிதுங்கும். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு எடுத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை, அதனால் கறுக்கும்.

ஒரு தடவை பார்த்தால் இருப்பு தெரியும். செலவு தெரிய வேண்டுமானால் கணக்கு வேண்டும். இன்றைக்கு மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை நாள்காட்டித் தாளில் எழுதுங்கள். 24,310 என்று வைத்துக்கொள்வோம். 24,810 ஆகும்போது அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மேல் கோட்டுக்கு வர எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று குறியுங்கள். 60 மில்லி என்றால் 1,000 கிலோமீட்டருக்கு 120 மில்லி. பழைய வண்டி கொஞ்சம் குடிப்பது இயல்பு. 100 சிசி வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லிக்கு மேல் குடித்தால் மெக்கானிக்கிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது என்பது என் அனுபவக் கணக்கு. கையில் எழுதிய எண்ணோடு போனால் அவரும் ஊகித்துப் பேச மாட்டார்.

ஆயில் வெளியே போகிறதா, உள்ளே எரிகிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரவு என்ஜினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். காலையில் பொட்டு விழுந்திருந்தால், அதற்கு நேர் மேலே அடி போல்ட்டா, கியர் ஷாஃப்ட் சீலா, முன் பல்சக்கரத்துப் பக்கமா என்று விரலால் தடவிப் பாருங்கள். தாள் சுத்தமாக இருந்து ஆயில் மட்டும் குறைந்தால், எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும். குளிர் காலையில் சற்று நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் ஈரம், அதற்குக் கவலை வேண்டாம்.

ஆயிலை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது என்பதில் நெய்வேலி குவார்ட்டர்ஸ்காரருக்கும் வெளியூரிலிருந்து வருபவருக்கும் கணக்கு வேறு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமிருந்து தினம் போக வர 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டே மாதத்தில் 3,000 கிலோமீட்டர் ஆகிவிடும். அவர் மீட்டரைப் பார்த்து மாற்ற வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கேஜைப் பார்க்க வேண்டும். குவார்ட்டர்ஸ் வட்டத்துக்குள் வேலைக்கும் மெயின் பஜாருக்குமாக நாளைக்கு எட்டு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி அந்தத் தூரத்தைத் தொட ஒரு வருடம் ஆகும். அந்த வண்டிதான் பத்திரம் என்று நினைப்போம். ஆனால் அதன் என்ஜின் நன்றாகச் சூடேறுவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். அதனால் மீட்டர் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள். கேஜில் அளவு ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தால் மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும்.

மந்தாரக்குப்பம் பக்கம் காய்கறி, மீன் வியாபாரம் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக் வண்டி. அதற்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவார்கள். 2015இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். இதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது, என்ஜினுக்குள் தனியே ஆயில் இருக்கிறது, அதை நேரத்துக்கு மாற்ற வேண்டும். பழைய வழக்கத்தில் இதை மறந்து என்ஜினை இழந்தால் பிழைப்பே நிற்கும்.

என்ன ஆயில் என்பதை வண்டிப் புத்தகம் தீர்மானிக்கட்டும். 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதுதான்; வெயில் ஊர் என்று கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். கியர் வண்டியில் கிளட்ச் ஆயிலில் ஊறியே வேலை செய்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஆயிலும் எம்பி குறி போட்ட ஸ்கூட்டர் ஆயிலும் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள், போலி ஆயில் அடைக்க அது யாருக்கும் உதவக் கூடாது. வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்ட வேண்டாம். மெக்கானிக் கடைப் பேரலில் சேருங்கள்.

மழை பிடித்த பிறகு என்ஜின் முங்கும் அளவு தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்துவிடுங்கள். கேஜில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் வடித்து, புது ஆயில் ஊற்றுங்கள்.

அதற்கு முன் ஆயுத பூஜை வருகிறது, வண்டியைக் கழுவுவோம். வாட்டர் வாஷ் பம்பின் வேகத்தில் தளர்ந்த கேஜ் மூடி வழியே தண்ணீர் உள்ளே போகும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பூஜையன்று காலை வண்டியில் தண்ணீர் படுவதற்கு முன் கேஜை எடுத்து அளவைப் பார்த்து, எழுதி, மூடியைக் கையால் இறுக்கிவிட்டுக் கழுவ ஆரம்பியுங்கள்.