கட்டாயப் படைப்பதிவும் இந்தியச் சட்டமும்

இளைஞர்கள் குறிப்பிட்ட வயதை எட்டியதும் படைச்சேவைக்கெனத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்வது சில நாடுகளில் சட்டக் கடமையாகும். சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சேவை கட்டாயமாயிற்று. அங்குள்ள தமிழ்க் குடும்பத்து இளைஞர்களும் இச்சேவையை ஆற்றி வருகின்றனர். அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் முடிவுற்றது. 1975இல் நிறுத்தப்பட்ட பதிவுமுறை மட்டும் 1980இல் மீண்டும் தொடங்கப்பட்டது. பதிவு வேறு, படையில் சேர்ப்பது வேறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தியாவில் எல்லா இளைஞர்களுக்கும் பொதுவான படைப்பதிவுக் கடமை இல்லை. ஆயினும் கட்டாயச் சேவை என்னும் கருத்து நமது சட்டத்திற்குப் புதியதன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில்

முதல் உலகப் போரின்போது, 1917இல், இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பிய பிரித்தானியக் குடிகளுக்கு அது கட்டாயக் கடமை விதித்தது. இந்தியர்கள் விரும்பினால் சேரலாம் என்றது. கடமை இனத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்திய இராணுவத்தின் வலிமை சுமார் 25 லட்சம். இந்தியர்கள் அதில் தாமாகவே சேர்ந்தவர்கள்.

அரசியலமைப்பின் நிலை

புது தில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபை இந்த இனப்பிரிவினையை ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 23ஆவது ஷரத்து கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதே ஷரத்தின் இரண்டாம் உட்பிரிவு பொது நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடமளிக்கிறது. ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டலாகாது என்பது நிபந்தனை. இப்பட்டியலில் பால் வேறுபாடு இடம்பெறவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் சேர்த்த 51-அ ஷரத்து, நாட்டைக் காப்பதையும் அழைக்கப்படும்போது தேசிய சேவை ஆற்றுவதையும் குடிமகனின் அடிப்படைக் கடமையாகக் கூறுகிறது. இக்கடமையை ஒருவர்மீது சுமத்தத் தனிச் சட்டம் தேவை.

அத்தகைய சட்டங்களும் இயற்றப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரதேச சேனைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, அரசு ஊழியர்களும் பொதுப் பயன்பாட்டுத் துறைகளில் பணிபுரிவோரும் தேவைப்படும்போது அச்சேனையில் சேரக் கடமைப்பட்டவர்கள் என வகைசெய்தது. 1972ஆம் ஆண்டின் தேசிய சேவைச் சட்டம் மருத்துவ, பொறியியல் தகுதி பெற்ற இளைஞர்களின் பதிவுக்கும் சேவைக்கும் வழி வகுத்தது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட தேசிய மாணவர் படைப் பயிற்சி, 1968இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது.

பொருளாதார நோக்கு

கட்டாயச் சேவை, பணமாக அல்லாமல் உழைப்பாகச் செலுத்தப்படும் வரியாகும். பட்டறையில் நல்ல ஊதியம் பெறும் ஒரு மின்பணியாளர் குறைந்த படிப்பணத்தில் முகாமில் நிறுத்தப்பட்டால், அவர் இழக்கும் வருவாயும் பட்டறை இழக்கும் உற்பத்தியும் வரவுசெலவுத் திட்டத்தில் காணப்படமாட்டா. செலவு குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் அது இளைஞரின் தோளுக்கு மாற்றப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் படையில் சேர முன்வருவோருக்குப் பஞ்சமில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட நான்காண்டு அக்னிபத் திட்டமும் விருப்பச் சேர்க்கையே. நெருக்கடியில் அருமையாவது ஆள்தொகையன்று, தேர்ச்சி. 1972ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா இளைஞரையும் நாடாமல் மருத்துவரையும் பொறியாளரையும் நாடியது இதனாலேயே எனலாம். ஆனால் முகவரியும் தகுதியும் அவ்வப்போது திருத்தப்படாத பதிவேடு, வேண்டிய வேளையில் உதவாது.

ஆகவே இத்தகைய சட்டம் எதனையும் மூன்று வினாக்களால் மதிப்பிடலாம். சுமை எல்லோர்மீதும் நேர்மையாகப் பகிரப்படுகிறதா? சேவைக்காலத்திற்குத் தெளிவான வரம்பு உண்டா? திரும்பி வருபவருக்குப் பழைய வேலை காத்திருக்குமா? செல்வாக்குள்ளோர் விலக்குப் பெற, ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் அழைக்கப்படுமானால், சட்டத்தின் எழுத்து நிறைவேறினும் 23ஆவது ஷரத்தின் நோக்கம் நிறைவேறாது.