உமிச்சாம்பலும் தென்னை நாரும்

அரிசி ஆலையின் பின்புறம் குவியும் சாம்பலையும், கயிற்றுத் தொழிலில் எஞ்சும் தென்னை நாரையும் நாம் கழிவென ஒதுக்குகிறோம். வீட்டளவில் கலக்கும் கான்கிரீட்டில் இவ்விரண்டும் பயன்படும். எனினும் எங்கே பயன்படும், எங்கே பயன்படா என்னும் தெளிவு நமக்கு வேண்டும்.

சாம்பலைக் கொண்டு கட்டுதல் புதுமையன்று. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து உரோமானியர் எழுப்பிய பாந்தியன் கோயிலின் குவிமாடம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிலைத்துள்ளது. சிமெண்டு நீருடன் சேரும்பொழுது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. சாம்பலிலுள்ள சிலிக்கா அதனுடன் வினைபுரிந்து பிணைப்புப் பொருளாகிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. ஆயினும் 700 டிகிரி செல்சியசுக்கு மிகாது எரிந்த சாம்பலே நன்கு வினைபுரியும். கடும் வெப்பத்தில் எரிந்ததில் சிலிக்கா படிகமாகிவிடும். விறகடுப்புச் சாம்பல் இப்பணிக்கு ஆகாது. அதில் சிலிக்கா குறைவு.

நாரோ வெடிப்பு பரவாமல் இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் சிமெண்டின் காரம் நாளடைவில் நாரை அரித்துவிடும். சாம்பல் சுண்ணாம்பை ஈர்த்துக் காரத்தைக் குறைப்பதால் நாரின் ஆயுள் நீள்கிறது. இவ்வாறு ஒரு கழிவு மற்றொரு கழிவைக் காப்பது எண்ணத்தக்கது.

இங்கேயே எச்சரிக்கையும் உள்ளது. கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவினின்று காப்பது அக்காரமே. ஆகவே பொறியாளரின் மேற்பார்வையின்றிக் கூரை, தூண், உத்தரம் ஆகியவற்றுக்கு இக்கலவையை ஆளுதல் கூடாது. நடைபாதைக் கற்கள், பூந்தொட்டி, தோட்ட வரப்புக்கல் ஆகியவற்றுக்கு ஆளலாம். சிக்கனம் கருதி உயிரைப் பணயம் வைத்தல் அறமன்று.

செய்முறை எளிது. சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் நன்கு பொடித்துச் சலித்த உமிச்சாம்பலை ஈடாக இடுக. பொடிக்கும்பொழுது மூக்கையும் வாயையும் நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசத்தால் மூடிக்கொள்க. நாரை ஊறவைத்து அலசி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக்கிச் சிறிதளவே தூவுக. அலசாத நாரின் சாறு கலவை இறுகுவதைத் தாமதப்படுத்தும். சாம்பல் நீரை மிகுதியாக உறிஞ்சும். அதற்காக நீரை அளவின்றிச் சேர்த்தால் வலிமை குன்றும். இத்தகைய கலவை மெல்லவே வலுப்பெறுவதால் பதினான்கு நாள் ஈரம் உலராமல் காத்தல் நன்று. முதலில் சில கற்களை வார்த்து, 28 நாள் கழித்துச் சோதித்த பின்னரே மிகுதியாகச் செய்தல் வேண்டும்.

கழிவைப் பயனாக்கும் ஆர்வத்துடன் அதன் எல்லையறியும் அறிவும் சேருமாயின், நம் முற்றத்துக்கு நாமே வார்க்கும் கல் நெடுநாள் உழைக்கும்.