உங்கள் மகள் யாருக்காக அழுதாள்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி நூலகத்திலிருந்து 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' நாவலை எடுத்துவந்து படித்தாள். கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதாள். "இது நெஜமாவே நடந்ததாம்மா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? இந்த வயதில் இதெல்லாம் படிக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாகப் படிக்கலாம். ஆனால் இந்தக் கதை நடக்கவில்லை, நடந்திருக்கவும் முடியாது என்பதை மகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அயர்லாந்து எழுத்தாளர் ஜான் பாய்ன் 2006இல் எழுதிய கற்பனை இது. அவரே இதை ஒரு நீதிக்கதை என்றுதான் சொன்னார். கதையின் பின்னால் இருக்கும் ஆஷ்விட்ஸ் முகாம் மட்டும் கற்பனை இல்லை. நாஜிகள் பிடித்துவைத்திருந்த போலந்தில் அது இருந்தது. அங்கே சுமார் 11 லட்சம் பேரைக் கொன்றார்கள், அவர்களில் ஆகப் பெரும்பாலோர் யூதர்கள். முகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ், மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் முகாமை ஒட்டிய வீட்டிலேயே குடியிருந்தார்.

முகாமில் அடைபட்ட ஒன்பது வயது யூதச் சிறுவன் ஷ்முயெல், ஓராண்டுக்கு மேல் வேலியோரம் உட்கார்ந்து, தளபதியின் மகன் புரூனோவோடு பேசிக்கொண்டிருப்பதாக நாவல் சொல்கிறது. நிஜத்தில் அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை வாங்க முடியாத உடம்பு என்பதுதான் காரணம். வேலியிலும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தது, காவல் கோபுரத்தில் துப்பாக்கியோடு ஆள் நின்றான். இந்த இன அழிப்பைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்நாவலைத் தவிர்ப்பது நல்லது என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொன்னது.

எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை புரூனோவிடம்தான். பெர்லினில் வளர்ந்த, நாஜி அதிகாரி வீட்டுப் பையனுக்கு யூதர் என்றால் யாரென்றே தெரியாதாம். அன்றைய ஜெர்மனியில் அந்த வெறுப்பைப் பாடப்புத்தகத்திலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து வயதானால் ஹிட்லரின் சிறுவர் படையில் சேர்ந்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், தெரியவேண்டும் என்றே அரசு வேலை செய்தது. குழந்தை மனதில் கள்ளமில்லை என்று நம்புவது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த ஆறுதலுக்காக நாவல் உண்மையை விட்டுக்கொடுத்துவிட்டது.

அதனால் கடைசிக் காட்சியில் என்ன ஆகிறது, பாருங்கள். தவறுதலாக விஷவாயு அறைக்குள் போய்விட்ட தளபதி மகனுக்காகவே நாம் பதறுகிறோம். அவன் கையைப் பிடித்திருக்கும் ஷ்முயெலும், சுற்றி நிற்கும் பெயரில்லாத கூட்டமும் 'தவறுதலாக' வந்தவர்கள் இல்லை. துக்கம் போய்ச் சேரும் வீடோ தளபதியின் வீடு. யாருக்காக அழுதாய் என்று மகளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவள் கண்ணீரில் குற்றமில்லை. குற்றம், கதையை அப்படிக் கட்டிவைத்த பெரியவருடையது.

அடுத்து, லோயிஸ் லௌரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்' கொடுங்கள். 1943இல் டென்மார்க்கில் நடக்கும் கதை. அந்நாட்டு மக்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் படகில் ஸ்வீடனுக்குத் தப்பவைத்தது வரலாறு. அந்தப் பின்னணியில், பத்து வயது ஆன்மரி தன் தோழி எலனுக்காகத் துணிந்து ஒரு காரியம் செய்கிறாள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது 'ஃபிரீட்ரிக்' நாவலை. ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961இல் ஜெர்மன் மொழியில் எழுதியது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஒரே கட்டடத்தில் மேல்வீடு, கீழ்வீடு. ஒரு வார இடைவெளியில் பிறந்த இரண்டு பையன்கள், ஒருவன் யூதன். கதை சொல்லும் ஜெர்மன் பையனுக்கு ஆசிரியர் கடைசிவரை பெயரே வைக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஆண்டு போட்டிருக்கும். அதிலேயே வயிறு கலங்கும், ஏனென்றால் ஆண்டு நகர நகர ஃபிரீட்ரிக்குக்கு ஒவ்வொரு கதவாக அடைபடுகிறது. வேலையில்லாமல் கிடந்த ஜெர்மன் பையனின் அப்பாவுக்கு நாஜிக் கட்சியில் சேர்ந்ததும் வேலை கிடைக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று ஃபிரீட்ரிக்கின் அப்பாவிடம் ரகசியமாகச் சொல்பவரும் அவரே.

1938 அத்தியாயத்தில் யூதர் இடங்களை ஒரு கும்பல் சூறையாடுகிறது. வேடிக்கை பார்க்கப்போன நம் ஜெர்மன் பையன் கையிலும் ஒரு சுத்தியல் வந்துவிடுகிறது. உடைக்க உடைக்க அவனுக்கு உற்சாகம் ஏறுகிறது. களைத்து வீட்டுக்கு வந்த பிறகு, கும்பல் ஃபிரீட்ரிக்கின் வீட்டுக்குள்ளும் புகுகிறது. அப்போதுதான் அழுகிறான். நண்பன் மேல் பாசமும் கையில் சுத்தியலும் ஒரே பையனிடம் இருப்பதை ரிக்டர் மறைக்கவில்லை. அவரும் 1925இல் பிறந்து, அந்த ஜெர்மனியில் வளர்ந்தவர்.

முடிவை நான் சொல்லவில்லை, ஆனால் கடுமையானது. அதனால் மகளைத் தனியே விடாமல் நீங்களும் கூடவே படியுங்கள். பின்னிணைப்பாக, யூதர்களுக்கு எதிராக வந்த சட்டங்களின் பட்டியல் ஆண்டுவாரியாக இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அந்த ஆண்டுக்கான வரிகளைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எது நிஜமாக நடந்தது என்று அவள் கேட்டதற்குப் பதில் அங்கே இருக்கிறது.