வால்ரஸ் உடம்பில் கேப் கேலோவே

கேள்வி: அனிமேஷன் படிக்கிறேன். பெட்டி பூப் வரும் ‘மின்னி தி மூச்சர்’ (1932) என்ற பாட்டுக் கார்ட்டூனை வகுப்பில் போட்டார்கள். கறுப்பினக் கலைஞருக்கு அந்தக் காலத்திலேயே இடம் கொடுத்த படம் என்கிறார் ஆசிரியர். அவரை மிருகமாக்கிவிட்டார்களே என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் படத்தில் இருக்கின்றன. ஆனாலும் நான் உங்கள் தோழியின் பக்கம்தான்.

படத்தின் தொடக்கத்தில் பாடகர் கேப் கேலோவே தன் இசைக்குழுவுக்கு முன்னால் நேரிலேயே தோன்றி ஆடுகிறார். அந்தச் சில விநாடிகளுக்காகவே இந்தப் படத்தைப் பாதுகாக்க வேண்டும். அப்புறம் கார்ட்டூன். வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிவந்த பெட்டி குகைக்குள் நுழைய, வால்ரஸ் உருவத்தில் ஒரு பேய் எதிரே வந்து பாடுகிறது. குரல் கேலோவேயுடையது. ஆட்டமும் அவருடையதே. படத்தைத் தயாரித்த ஸ்டுடியோவின் தலைவர் மேக்ஸ் ஃப்ளெய்ஷர் கண்டுபிடித்த ரோட்டோஸ்கோப் முறையில், கேலோவே ஆடியதைப் படம்பிடித்து, அதன்மேல் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தார்கள். அந்த வழுக்கு நடை எந்த ஓவியரின் கற்பனையிலும் பிறந்ததல்ல. முகத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கேலோவே அப்போது நியூயார்க் ஹார்லெமின் காட்டன் கிளப் நட்சத்திரம். அங்கே மேடையில் கறுப்பினத்தவர், மேஜைகளில் வெள்ளையர். கலை வேண்டும், கலைஞன் பக்கத்தில் வந்து உட்காரக் கூடாது. அந்தக் குகையிலும் இதே ஏற்பாட்டைத்தான் நான் பார்க்கிறேன்.

படத்தில் பெட்டியின் அப்பா அம்மாவைக் கவனித்தீர்களா? சாப்பிடு சாப்பிடு என்று அதட்டும் அவர்கள் பேச்சில் புலம்பெயர்ந்தவர்களின் ஐரோப்பிய வாடை. ஃப்ளெய்ஷரே கிராக்கோவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்த யூதர். அந்தச் சாப்பாட்டு மேஜை அவருக்குத் தெரிந்த உலகம். அதனால் கேலி இருந்தும் அவர்கள் மனிதர்களாகவே இருக்கிறார்கள். ஹார்லெம் கலைஞரை வரையும்போது அந்த நெருக்கம் இல்லை.

அந்த நெருக்கம் இல்லாததன் விளைவை அதே ஆண்டு அதே ஸ்டுடியோ லூயி ஆம்ஸ்ட்ராங்கை வைத்து எடுத்த படத்தில் பார்க்கலாம். மனிதரைத் தின்னும் காட்டுவாசியின் தலை பாடிக்கொண்டே வானத்தில் துரத்துகிறது. துரத்தும்போதே அது ஆம்ஸ்ட்ராங்கின் உண்மையான முகமாக மாறுகிறது. எனக்கு இன்றும் மனம் கூசும் காட்சி அது. ட்ரம்பெட்டின் போக்கையே மாற்றிய மேதைக்கு இந்த வேடமா? அதற்கு வால்ரஸே மேல்.

1933-ல் இதே ஸ்டுடியோவிலிருந்து வந்த ‘ஸ்னோ ஒயிட்’டையும் தேடிப் பாருங்கள். அதில் கேலோவேயின் முகம் ஒரு விநாடிகூட வராது. குரலும் நடையும் கோகோ என்ற கோமாளிக்குப் போயிருக்கும். முதல் படத்தின் தொடக்கக் காட்சியைப் பார்த்த கையோடு, ஒலியை அணைத்துவிட்டு இதைப் போடுங்கள். கால்களை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.