துளித் துருவும் விண்செலவும்

கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களிலே வளர்ந்த நம் மாணவர் ஒன்றை நன்கறிவர். பாலிலே செம்பு சிறிது கலப்பினும் இறப்பர் நாளடைவிற் பிசுபிசுத்துக் கெட்டொழியும். கண்ணுக்குப் புலனாகாத உலோகம் பெருங்கேடு விளைக்கும் இவ்வியல்பு ரொக்கற்றின் கலங்களிலும் உண்டு. தமிழாசிரியர்க்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்பார் நம்மைப் பொறுத்தருள்க.

விண்ணிலே காற்றில்லை. ஆதலின் எரிபொருளோடு ஒட்சியேற்றியையும் ரொக்கற்று சுமந்து செல்லல் வேண்டும். அத்தகையவற்றுள் ஒன்று நைதரசன் நாலொட்சைட்டு. அது 21 பாகை செல்சியசிலே கொதிப்பது. இரத்தினபுரியின் பகல் வெப்பத்திலே திறந்து வைத்தால் செம்பழுப்புப் புகையாய்ப் பறந்துவிடும். உலர்ந்த நிலையில் உருக்குக்கு அது பெருந்தீங்கு செய்யாது. நீர் சிறிது புகுந்தாலோ நைத்திரிக்கமிலம் உண்டாகி இரும்பைத் தின்னும். அங்ஙனம் பிறக்கும் இரும்பு நைத்திரேற்று திரவத்திற் கரைந்து நிற்றலால் வடிகளுக்கு அகப்படாது. குளிர்ந்த இடத்திலும் குறுகிய துளையிலும் பசைபோற் படிந்து பாய்ச்சலைக் குறைக்கும். அமெரிக்க விண்ணோடங்களின் சிற்றுந்திகளில் வால்வுகள் செவ்வனே மூடாது கசிந்தமைக்கும் இப்படிவே ஒரு காரணம்.

இதற்கு முதன்மையான காப்பு ஈரத்தை விலக்குதலே. மூலக்கூற்றுச் சல்லடை என்னும் நுண்டுளைப் பொருளினூடே செலுத்தி, நீரையும் இரும்பு நைத்திரேற்றையும் அகற்றுவதும் உண்டு. செம்புகை நைத்திரிக்கமிலத்துக்கோ ஐதரசன் புளோரைட்டை ஏறத்தாழ 0.6 வீதம் சேர்ப்பர். அது உலோகத்தின்மேற் காப்புப் படலமாகும்.

ஆயினும் தூய்மை மிகுதலே குற்றமானதும் உண்டு. 1965 இல் அமெரிக்காவிற் சோதனைக்கு வைத்த தைத்தேனியக் கலங்கள் மிகத் தூய நாலொட்சைட்டால் வெடிப்புற்றன. நைத்திரிக்கொட்சைட்டைச் சிறிது கலந்தபின்னரே அக்கேடு நீங்கிற்று.

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியிலே இந்தியாவின் திரவ எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. பீ.எஸ்.எல்.வீ. ரொக்கற்றின் இரண்டாம் அடுக்கிலுள்ள விகாசு எந்திரமும் இந்நாலொட்சைட்டையே பயன்படுத்துவது. 2013 நவம்பர் 5 இல் ஏவப்பட்ட செவ்வாய்க் கலத்தின் பேருந்தி ஏறத்தாழ 300 நாள் வாளா கிடந்து மீள இயங்கவேண்டியிருந்தது. முன்பு திறந்து மூடிய வால்வுகளை நம்பியிராது, வேறொரு பாய்ச்சல் வழியையும் அறிஞர் முன்னரே அமைத்திருந்தனர். 2014 செத்தெம்பர் 22 இல் நான்கு விநாடியளவு உந்தியை இயக்கிப் பார்த்தனர். அது பழுதின்றி எரிந்தது. 24 இல் கலம் செவ்வாயைச் சுற்றலாயிற்று.